உங்களுக்குத் தெரியுமா? “இதைப் படிச்சீங்களா?”

● தமிழில் இதுவரை நடந்த புத்தகப் பரிந்துரைகளில் ஆகப் பெரியது எது என்று கேட்டால், தேதியோடு சொல்லிவிடலாம். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணம். ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார், கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர். அப்போது வயது 25. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார் ஐயர். பட்டியல் நீண்டதே தவிர, கேட்டவர் மசியவில்லை. இதனாலெல்லாம் என்ன பிரயோசனம் என்கிற மாதிரி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கே அந்தப் பக்கம் பரிச்சயம் இல்லை!

முதலியார் அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் மட்டம் தட்டலாகப் போயிருக்கும். சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றையும் தேடிக் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் விஷயம். ஐயரின் பதிப்பாக 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பிறகு பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898). ‘நல்ல புத்தகம், கட்டாயம் படிங்க’ என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் நம்மில் ஏராளம். பிரதியையும் கையில் திணிப்பவர்தான் குறைவு.

● அதே அக்டோபர் 21, ஆண்டு 1931. மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் இருந்து ஒரு மாட்டு வண்டி புத்தகங்களோடு கிளம்பியது. வண்டியை வடிவமைத்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை. தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலக இயலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாம் விதி. பலரும் இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம். மூன்றாவதுதான் கஷ்டம். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் ஒன்றுக்கு ஆள் தேடிக் கிளம்ப வேண்டும். அதற்குத்தான் மாட்டு வண்டி!

● திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றம் வட்ட வடிவில் இருந்தது. அங்கே கூடியவர்களின் கூட்டத்துக்கு ‘வட்டத்தொட்டி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. தீர்மானம், பொன்னாடை, நன்றியுரை எதுவும் கிடையாது. ஞாயிறு மாலைகளில் கம்பனின் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, போதும் போதும் என்கிற வரை சுவைப்பார்கள். நண்பர்கள் கூடிப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கலாம்: மாதம் நாலு நாவல் என்று திட்டம் போட்ட குழுக்கள் பல இரண்டாம் மாதத்திலேயே கலைந்துவிடுகின்றன. ஒரு பாட்டுக்கு ஒரு மாலை என்றிருந்தவர்கள் இன்றும் பேசப்படுகிறார்கள்.

● உலகின் மிகப் பழைய ‘நான் படித்தவை’ பட்டியல்களில் ஒன்று 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கான்ஸ்டாண்டிநோபிளின் ஃபோட்டியஸ், தான் படித்த ஏறத்தாழ 280 நூல்களைப் பற்றிக் குறிப்பெழுதித் தன் தம்பி தாராசியஸுக்குக் கொடுத்தார். கதை என்ன, நடை எப்படி, எங்கே சலிப்புத் தட்டுகிறது என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறார். அவர் படித்த நூல்களில் பல பின்னர் அழிந்தே போயின. ஃபோட்டியஸின் குறிப்பு மட்டும்தான் மிச்சம். இந்தியாவைப் பற்றி கிரேக்க மருத்துவர் டெசியஸ் எழுதிய ‘இண்டிகா’வில் என்ன இருந்தது என்று நமக்கு இன்று பெரும்பாலும் தெரிவதே இந்த அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்த சுருக்கத்தால்தான். ஆகவே, டைரியில் நாலு வரி எழுதி வைக்கிறவர்களைக் கேலி செய்ய வேண்டாம்.

● ‘மான்டேகிறிஸ்டோ’ என்று ஒரு கியூபச் சுருட்டு இருக்கிறது. அலெக்சாந்தர் டூமாவின் நாவல் பெயர் அது. சுருட்டுக்கு ஏன் வந்தது? 1865 வாக்கில் ஹவானா சுருட்டாலைகளில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒரு வாசிப்பாளரை அமர்த்திக்கொள்வார்கள். அவர் உயரமான மேடையில் உட்கார்ந்து காலையில் செய்தித்தாள், பிறகு நாவல் என்று உரக்கப் படிப்பார். கை சுருட்டு சுற்றும், காது கதை கேட்கும். அடுத்து எந்தப் புத்தகம் என்பதை முடிவு செய்வது முதலாளி அல்ல; தொழிலாளர்கள் வாக்கெடுப்பு நடத்துவார்கள். டூமாவின் நாவல் அப்படி ஜெயித்துக்கொண்டே இருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே கண்ணூரில் பீடித் தொழிலாளர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. ஒருவர் படிப்பார், அவர் சுற்ற வேண்டிய பீடிகளை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். வாசிப்பவருக்குக் கூலி நஷ்டம் இல்லை. எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களும் நாவல் விமர்சகர்கள் ஆனார்கள்.

● தமிழ் எழுத்தாளர்களில் ‘லிஸ்ட் போடுவதையே’ ஒரு இலக்கியச் செயலாக மாற்றியவர் க.நா. சுப்ரமண்யம். நல்ல நூல்களை அறிமுகம் செய்து அவர் எழுதிய நூலின் தலைப்பே ‘படித்திருக்கிறீர்களா?’ என்பதுதான். கேள்விக்குறியோடு. விடுபட்டவர்கள் கோபித்துக்கொண்டார்கள், அவர் அசரவில்லை, அடுத்த பட்டியலைப் போட்டார். வெளிநாட்டு நாவல் பிடித்துப்போனால் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், உட்கார்ந்து தமிழாக்கியும் விடுவார். நட் ஹாம்சனின் ‘நிலவளம்’, செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, பேர் லாகர்குவிஸ்டின் ‘அன்பு வழி’ எல்லாம் அப்படி வந்தவை. இந்த மூவருமே நோபல் பரிசு பெற்றவர்கள், மூவரும் ஸ்காண்டிநேவியர்கள். காவிரிக் கரைக்காரருக்கு அந்தப் பனிப் பிரதேசத்தின் மேல் ஏன் அவ்வளவு காதல் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

● ‘வாசகர் வட்டம்’ என்பது கூட்டத்தின் பெயர் மட்டுமல்ல, ஒரு பதிப்பகத்தின் பெயரும்கூட. தீரர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் தொடங்கி நடத்தியது. சந்தா கட்டி உறுப்பினரானவர்களுக்குப் புத்தகம் வரும். முதல் வெளியீடு ராஜாஜியின் ‘சோக்ரதர்’. பின்னால் வந்த வரிசையைப் பாருங்கள்: தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’, சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’, சிட்டியும் ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. லாபம் பார்த்த பதிப்பகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரசனை பார்த்த பதிப்பகம்.

● ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸுக்குப் புத்தகப் பரிசுதான் விசேஷம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்ற பொருள்களுக்கெல்லாம் கட்டுப்பாடு கடுமையாக இருக்க, காகிதத்துக்கு மட்டும் அவ்வளவு கெடுபிடி இல்லை. பழக்கம் அப்படி ஒட்டிக்கொண்டது. 1944இல் புதிய நூல்களின் விவரப் பட்டியல் அச்சாகி வீடு வீடாகப் போகத் தொடங்கியது.

● ஜப்பானில் புத்தகக் கடை ஊழியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது ஒன்று 2004இல் தொடங்கியது. பேராசிரியர்கள் கிடையாது, பத்திரிகை ஆசிரியர்கள் கிடையாது. கல்லாவில் நிற்பவரும் அட்டைப்பெட்டி பிரிப்பவரும்தான் நடுவர்கள். முதல் விருது யோகோ ஒகாவாவின் நாவலுக்குப் போனது. அதில் 80 நிமிடத்துக்கு மேல் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு கணிதப் பேராசிரியர் வருவார்.

இதை நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சியிலும் முயன்று பார்க்கலாம். அரங்கில் நிற்கும் தம்பியிடம் ‘எது நல்லாப் போகுது?’ என்று கேட்டால், வாசல் பக்கம் கோபுரமாக அடுக்கியிருப்பதைக் காட்டுவார். ‘நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது எது?’ என்று கேளுங்கள். ஒரு நொடி யோசித்துவிட்டு, கீழ்த்தட்டில் மூலையில் செருகியிருக்கும் ஒன்றைக் குனிந்து எடுப்பார். நான் இந்தக் கேள்வியால் ஏமாந்ததில்லை.

● பிரான்சில் பெர்னார் பிவோ 1975 முதல் 1990 வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் தொலைக்காட்சியில் எழுத்தாளர்களை உட்கார வைத்துப் பேசினார். சனிக்கிழமை காலையில் புத்தகக் கடைகளில் அவர்களுடைய புத்தகங்களைக் கேட்டு ஆட்கள் நிற்பார்கள். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை.

● அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரி 1996இல் புத்தக வட்டம் ஆரம்பித்தார். அவர் கைகாட்டினால் லட்சக்கணக்கில் விற்கும். 2004இல் டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’வைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார்: தானும் அதை இதுவரை படித்ததில்லை, எல்லோரும் சேர்ந்து படிப்போம். படிக்காமலே பரிந்துரைப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. அதை முன்கூட்டியே சொல்கிறவரை மெச்சத்தான் வேண்டும்.

● ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, சேர்த்து வைத்து, காலிகோ முதுகு போட்டு பைண்டு செய்துகொண்ட குடும்பங்கள் எத்தனையோ. மணியத்தின் ஓவியத்துக்குப் பின்பக்கம் தலைவலித் தைல விளம்பரமோ பாதி ஜோக்கோ இருக்கும். நடுவில் ஒரு அத்தியாயம் காணாமல் போயிருக்கும். அந்த வாரம் வீட்டில் கல்யாணமோ என்னவோ. விட்டுப்போனதைப் படிக்க அடுத்த தெருவில் இன்னொரு பைண்டிங் வைத்திருக்கும் மாமி வீட்டுக்குப் போயாக வேண்டும். வாசகர்களுக்குள் அறிமுகம் உண்டாக இதைவிட நல்ல ஏற்பாடு வேறு கிடைக்காது. முழுத் தொகுதியும் ஒரே சொடுக்கில் வீட்டுக்கு வருகிற காலத்தில் மாமி வீட்டுக்குப் போக முகாந்திரம் இல்லை.

● மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்து நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சொற்ப விலைக்கு வாங்கிய தலைமுறைக்கு நினைவிருக்கும்: இந்த நூலின் மொழிபெயர்ப்பு பற்றியும் அமைப்பு பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று வாசகருக்கு ஒரு வேண்டுகோள், கீழே மாஸ்கோ முகவரி. கோவில்பட்டியிலோ குளித்தலையிலோ இருப்பவரைப் பார்த்து, புத்தகம் எப்படி என்று இன்னொரு நாட்டுப் பதிப்பகம் மெனக்கெட்டுக் கேட்டது!

● யாழ்ப்பாணத்தில் கே.எம். செல்லப்பா 1933இல் தன் வீட்டிலேயே இலவச நூலகம் ஒன்றை நடத்தினார். பிறகு ஊரைக் கூட்டி வேண்டுகோள் விடுத்து, 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையில் 844 நூல்களோடு அது பொது நூலகமாயிற்று. 1981இல் எரிக்கப்பட்டபோது அங்கே இருந்தவை சுமார் 97,000. இரண்டாவது எண் எல்லோருக்கும் தெரியும். முதல் எண்ணையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

● ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு 1970இலிருந்து மாதத்துக்கு ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுத்து வந்தது. பத்திரிகைகளில் அந்த மாதம் வந்த கதைகளை ஒருவர் உட்கார்ந்து படித்து, ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். குப்பையோ கோமேதகமோ, எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். பாவம்.

● சுஜாதா கணையாழியின் ‘கடைசிப் பக்க’த்திலும் ஆனந்த விகடனின் ‘கற்றதும் பெற்றதும்’ தொடரிலும் கவிஞர்களை அறிமுகப்படுத்திக்கொண்டே இருந்தார். நா. முத்துக்குமாரின் ‘தூர்’ கவிதையை ஒரு விழா மேடையில் அவர் வாசித்தபோது, கூட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுந்து வந்து கவிஞரின் கையில் பணத்தைக் கொடுத்தார். ராக்கெட், கணிப்பொறி, கணேஷ்-வசந்த் என்று பேசினாலும், புதுக் கவிஞர் ஒருவரைக் கண்டால் அத்தனையையும் ஓரம் கட்டிவிடுவார் சுஜாதா.

● தூத்துக்குடி சலூன்கடைக்காரர் பொன். மாரியப்பன் கடையில் காத்திருக்கிறவர்களுக்கு அலமாரி நிறையப் புத்தகம் உண்டு. படித்தால் முடிவெட்டும் கட்டணத்தில் தள்ளுபடி! 2020இல் பிரதமரின் வானொலி உரையில் இடம்பெற்றது இந்தக் கடை.

● பரிந்துரைத்த புத்தகம் பிடிக்கவில்லையா? அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு கணக்குச் சொல்கிறார். 50 பக்கம் படியுங்கள். ஒட்டவில்லை என்றால் மூடிவிடுங்கள். உங்களுக்கு 50 வயது தாண்டிவிட்டதா? 100இலிருந்து வயதைக் கழியுங்கள். மிச்சம் வருகிற பக்கம் போதும். 70 வயதுக்காரருக்கு 30 பக்கம். நூறு வயதாகிவிட்டால் அட்டையைப் பார்த்தே முடிவு செய்யும் உரிமை வந்துவிடுகிறது. 1998இல் சியாட்டில் நகரமே ஒரே புத்தகத்தைப் படிக்கட்டும் என்று திட்டம் தொடங்கியதும் இவர்தான்.

● பொதுவாக ‘எல்லோரும் படிக்க வேண்டிய நூல்’ என்று எவராவது சொன்னால் நான் நகர்ந்துவிடுவேன். யாருக்கு என்று சொன்னால்தான் காது கொடுக்கத் தோன்றும். ஆகவே இந்த மாதத்துச் சிபாரிசு, ஆள் குறிப்போடு: ஊரிலிருக்கும் தோப்பை விற்றுவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு ‘சாயாவனம்’. சுங்கச்சாவடிச் சாலையில் மட்டுமே காவிரியைக் கடந்தவர்களுக்கு ‘நடந்தாய் வாழி காவேரி’. குழந்தைகளுக்குப் புத்தகம் பரிசளிக்கிறவர்கள், கொடுக்கும் முன்பு கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ சிறுகதையைப் படித்துவிடவும். எந்தப் பையனை விட்டுவிட்டோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பீர்கள். செல்போன் வந்த பிறகு ஒரு புத்தகத்தையும் முடிக்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ‘அன்பு வழி’. சின்னப் புத்தகம்தான். ஏசுவுக்குப் பதிலாக விடுதலையான பாரபாஸ் வெளியே வந்து என்ன செய்தான் என்பதுதான் கதை. வெள்ளிக்கிழமை ராத்திரி எடுத்தால் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.