நிறைந்துபோன போனும் லுணுகலை மரவீடும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குப் போகும் வீதியில் லுணுகலை இருக்கிறது. நகரத்தில் நான்கு கோடு காட்டிய என் போன், தோட்டத்துக்கு ஏறிய ஓட்டோ இரண்டாவது வளைவைத் தாண்டியதும் ஒரு கோட்டுக்கு இறங்கியது. அத்தையின் லயத்து வாசலில் அதுவும் இல்லை.

1977 வன்செயலுக்குப் பிறகு எங்கள் தாத்தா குடும்பத்தோடு இந்தத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனார். கலியாணமாகியிருந்த அத்தை மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். 2009இல் வன்னிக்குள் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த நாட்களில் எங்கள் றங்குப்பெட்டி எந்த இடத்தில் விடுபட்டது என்று அப்பாவால் இன்றும் சொல்ல முடியவில்லை. பிறப்புப் பத்திரங்கள், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், படங்கள் எல்லாம் அதோடு போயின. தாத்தாவின் முகம் தெரியும் ஒரே படம் அத்தை வீட்டுச் சுவரில் இருந்தது. அதுவும் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டி, கழற்றும்போது கிழிந்துவிட்டது. அதற்கு முன்னர் அத்தையின் பேத்தி போனில் எடுத்து வைத்த பிரதிதான் மிச்சம்.

அந்தப் போனைத்தான் அத்தை என்னிடம் நீட்டினார். "என்னமோ நெறஞ்சி போச்சின்னே சொல்லுது சாமி. கடையில குடுத்தா எல்லாத்தையும் அழிச்சித் தர்றேங்கிறாங்க."

எது நிறைகிறது?

இது அத்தையின் போனுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் உலகில் உருவாக்கப்பட்டும் பிரதி செய்யப்பட்டும் இருந்த தரவு 64.2 செட்டாபைற். ஒரு செட்டாபைற் என்பது ஒரு இலட்சம் கோடி ஜிகாபைற். அதில் அடுத்த ஆண்டுவரை சேமித்து வைக்கப்பட்டது 2 சதவீதத்துக்கும் குறைவு என்று அதே நிறுவனம் சொன்னது. அதாவது உலகம் பெருமளவு தரவை உண்டாக்குகிறது, மிகச் சிறிதளவையே காப்பாற்றுகிறது. எது மிஞ்ச வேண்டும் என்பதை யாராவது தீர்மானித்தாக வேண்டும்.

பேத்தியின் போனைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் வட்ஸ்அப் குழுக்களில் தானாக இறங்கிய வீடியோக்கள். ஒரு படம் மூன்று, நான்கு மெகாபைற்றுக்குள் அடங்கும். ஒரு நிமிட வீடியோ 100 மெகாபைற்றைத் தாண்டலாம். காலை வணக்கங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் நடுவில் தாத்தாவின் முகம் கிடந்தது.

மேகம் எங்கே இருக்கிறது?

இதற்குத்தான் 'கிளவுட்' இருக்கிறதே என்பார்கள். பெயர்தான் மேகம். உண்மையில் அது யாரோ ஒரு நிறுவனம் வைத்திருக்கும் கணினிகள் நிறைந்த கட்டடம். நாம் அனுப்பும் படம் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து கண்ணாடி இழை வழியாகக் கொழும்புப் பக்கம் இறங்கி, பெரும்பாலும் கடலடிக் கேபிளில் வேறொரு நாட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

அந்தப் பயணத்தின் முதல் சில கிலோமீற்றர்தான் மலையகத்தில் சிக்கல். போனின் ஒலிபரப்பு வலு ஒரு வாற்றில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். கோபுரத்தின் வலு அதைவிடப் பல மடங்கு. அதனால் பள்ளத்தில் உள்ள லயத்தில் ஒரு பாட்டு இறங்கிவிடும், ஒரு படம் ஏறாது. நடுவே மலை நின்றால் இரண்டும் இல்லை.

2021இல் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடியிருந்தபோது லுணுகலை உலகச் செய்தியானது இதனால்தான். காட்டுப்பகுதியில், மலை உச்சியில், தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் இருந்த மரவீட்டுக்குப் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். அங்கே இணையம் கிடைத்தது. பிள்ளைகள் முறைவைத்து வீட்டுப்பாடத்தை ஏற்றினார்கள், பாடக்குறிப்பை இறக்கினார்கள். இதே மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறினார்கள். நாட்டில் 40 சதவீத மாணவர்களால் மட்டுமே இணைய வகுப்பில் சேர முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அப்போது கூறினார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது அந்த ஆண்டில்தான். அதில் டேட்டாவுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்?

மேகமும் அழியும்

ஏற்றிவிட்டால் பத்திரம் என்றும் இருக்க முடியாது. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசின் கிளவுட் கட்டமைப்பு கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் தாக்குதல் நாள் வரையான காலத்துக்குத் தனிப் பிரதி இல்லாததால் அந்தத் தரவு திரும்பவில்லை. மென்பொருளும் பழையது, புதுப்பிக்கப்படவில்லை. யாழ் நூலகத்தின் 97,000 நூல்கள் 1981இல் எரிந்ததை அறிந்த நமக்கு இது புதிய பாடம் அல்ல. ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் போகும்.

தனியார் மேகங்களுக்கும் நிபந்தனை உண்டு. கூகுள் கணக்கில் இலவசம் 15 ஜிகாபைற் மட்டுமே. படங்களுக்கு அளவில்லா இலவச இடம் 2021 ஜூன் 1உடன் முடிந்தது. இரண்டு வருடம் எட்டிப்பார்க்காத தனிநபர் கணக்கை அழிக்கும் உரிமையையும் அந்த நிறுவனம் வைத்திருக்கிறது.

இங்கே அதைவிடப் பெரிய பொறி வேறு. பேத்தியின் ஜீமெயில் கணக்கைத் திறந்தது போன் விற்ற கடைக்காரர். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அந்தப் போன் உடைந்தால், மேகத்தில் படம் இருந்தும் திறக்க வழியில்லை. தோட்டங்களிலும் வன்னியிலும் இதே கதையைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

முதலில் வட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, காணாமல்போனவரின் படம், முறைப்பாட்டுத் துண்டு போன்றவற்றைப் பகல் வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்துத் தனியாக வையுங்கள். அனுப்பும்போது 'டொக்கியூமன்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கி, சிறிய எழுத்துகளை மங்கவைத்துவிடும். மூன்று பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று போனில், ஒன்று பென்டிரைவில், ஒன்று தூரத்தில் உள்ள உறவினரிடமோ மேகத்திலோ. கணக்கை உங்கள் பெயரில் திறந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். அடையாள அட்டை போன்றவற்றை யாருக்கு அனுப்புகிறோம் என்பதிலும் கவனம் தேவை.

அன்று பேத்தியும் நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வீடியோக்களை அழித்தோம். தாத்தாவின் படத்தைக் கேபிள் மூலம் என் மடிக்கணினிக்கு மாற்றினோம். பேத்தி தன் கொப்பியில் புதிய கடவுச்சொல்லை எழுதினாள். மாலையில் லுணுகலை நகரத்துக்கு வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் கிளிநொச்சிக்கு அனுப்பினேன்.

பசறை தாண்டும்போது அப்பா எடுத்தார். படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "இத எங்கெங்க வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். மூன்று இடம் என்றேன். "இன்னும் ரெண்டு இடத்தில வை" என்றார்.