முத்துப் பிறக்குமாறு

மழைத்துளியைச் சிப்பி வாய்திறந்து ஏற்க, அது முத்தாகும் என்பது பழைய நம்பிக்கை. மணல் உறுத்துவதால் முத்துண்டாகும் என்பது இன்றும் பலர் கூறும் விளக்கம். மன்னார்க் கடலை அறிந்தார்க்கு இதுவும் ஐயத்துக்குரியதே. சிப்பிகள் செறிந்து வாழும் ‘பார்’களைச் சூழ்ந்து கிடப்பது மணலேயன்றோ? மணலே ஏதுவாயின் முத்தில்லாச் சிப்பி அரிதாதல் வேண்டும். 1905இல் இப்பார்களில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் குளித்தெடுக்கப்பட்டன, பெரும்பாலானவை வெறுஞ்சிப்பிகளே.

1902இல் அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி வந்த பேராசிரியர் ஹேட்மன், ஹோணெல் என்பாருடன் இப்பார்களை ஆராய்ந்து, நாடாப்புழுவின் குடம்பியே முத்தின் கரு என்றார். அக்கொள்கை நிலைபெறவில்லை. எனினும், சிப்பியின் உடலுள்ளே நிகழ்வது யாது என்று நோக்கும் வழியை அது திறந்தது.

ஓட்டின் உட்புறத்தே ஒளிரும் படையைச் சுரப்பது, அதனை ஒட்டிப் போர்த்திருக்கும் மென்றோலாகும். ஊறுபட்டோ புழு துளைத்தோ அத்தோலின் கலங்கள் சில உட்டசையிற் புகுமாயின், ஆங்கே அவை ஒரு பையாகப் பெருகி, கல்சியங் காபனேற்றைப் படைபடையாகச் சுரக்கின்றன, முத்து உருவாகின்றது. புழு ஒரு வாயில் மட்டுமே, கலமே தாய்.

இதே குடாவின் மறுகரையாகிய தூத்துக்குடியில், 1973இல், இந்திய ஆய்வாளர் சிப்பியினுள் ஓட்டாலான சிறு மணியையும் மென்றோலின் துண்டொன்றையும் ஒருங்கே வைத்து உருண்டை முத்தை விளைவித்தனர். தோற்றுண்டின்றி மணியை மட்டும் வைப்பின் முத்து உண்டாவதில்லை.