தமிழ் தெரியாத பிள்ளையா, கற்றல் குறைபாடா?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என நீளும் சிப்காட் வளாகங்களை ஒட்டிய அரசுப் பள்ளிகளில், ஒரு வகுப்பில் மூன்று நான்கு வீட்டுமொழிகள் இருப்பது இன்று புதிதல்ல. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து குடிவந்தவர்களின் பிள்ளைகள், ஊர்க்காரப் பிள்ளைகள் என எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் ஒரு பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்றால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. வெளிமாநிலப் பிள்ளை என்றால், “பாஷை தெரியாது, போகப் போக வந்துவிடும்.” உள்ளூர்ப் பிள்ளை என்றால், “வீட்டில் கவனிப்பு இல்லை” அல்லது “கொஞ்சம் மந்தம்.” இரண்டும் அத்தோடு பேச்சை முடித்துவிடும் பதில்கள்.

இதனால் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. தமிழ் மட்டுமே தெரியாத, மற்றபடி சூட்டிகையான ஒரு சிறுமியின் பெயர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பட்டியலில் ஏறக்கூடும். உண்மையிலேயே ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன், ‘இந்திக்காரப் பையன், அதனால்தான் பேசவில்லை’ என்ற ஒரு வரியால் இரண்டு மூன்று ஆண்டுகளை இழக்கக்கூடும். என் அனுபவத்தில் இரண்டாவது தவறுதான் அதிகம். முதல் தவறை யாராவது ஒருவர் பிறகு கண்டுபிடித்துவிடுவார். இரண்டாவதில், பேசாத பிள்ளை வகுப்பில் யாருக்கும் தொந்தரவு தராது. ஆகவே யாரும் கேட்பதில்லை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆட்டிசம், கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு ஆகியவை நரம்பு வளர்ச்சிசார்ந்த குறைபாடுகள். மூளை வளரும் விதத்திலேயே இவற்றின் வேர் இருக்கிறது. அறிகுறிகள் சிறு வயதிலேயே தொடங்கிவிடும். வளர்ப்பினாலோ, கைப்பேசியினாலோ, தடுப்பூசியினாலோ ஆட்டிசம் வருவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 அங்கீகரிக்கும் 21 வகைகளில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய் ஆகிய நான்கும் உண்டு. ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனி வகையாக இல்லை. சான்றிதழ் கிடைக்காது என்பதற்காக அந்தப் பிள்ளைக்கு உதவி தேவையில்லை என்று ஆகிவிடாது.

இப்போது நம் பகுதிக்கு மிகவும் தேவையான ஒரு விவரம். உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 என்ற கையேடு 2013-இல் வெளிவந்தது. ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு உள்ளது என்று சொல்ல அது சில நிபந்தனைகளை வைக்கிறது. அந்தச் சிரமத்துக்கென்றே தனிக் கவனத்துடன் உதவி செய்தும் குறைந்தது 6 மாதம் சிரமம் நீடித்திருக்க வேண்டும். பார்வை, கேட்கும் திறன், அறிவுசார் குறைபாடு, போதிய கற்பித்தல் கிடைக்காமை, பயிற்றுமொழியில் தேர்ச்சி இல்லாமை ஆகியவை அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். ஒடியா பேசும் குழந்தை தமிழ்ப் புத்தகத்தைப் படிக்கத் திணறுவதை மட்டும் வைத்து எந்த மருத்துவராலும் கற்றல் குறைபாடு என்று எழுத முடியாது. ஆறு மாதம் என்ன உதவி செய்தீர்கள், எவ்வளவு முன்னேற்றம் என்று அவர் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் வகுப்பாசிரியர் ஒருவர்தான். மருத்துவமனையில் பிள்ளையைப் பார்க்கக் கிடைப்பது அரை மணி நேரம். நாம் ஆண்டுக்கு இருநூறு நாள் பார்க்கிறோம்.

மொழிச் சிக்கலா, குறைபாடா என்று பிரித்துப் பார்க்க நான் கடைப்பிடிக்கும் வழி எளிது. பிள்ளையின் சொந்த மொழியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். அதே மொழி பேசும் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொண்டு, ஒரு படத்தைக் காட்டி, “இதில் என்ன நடக்கிறது, சொல்லு” என்று கேட்கச் சொல்வேன். ஒரு சிறு கதையைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்வேன். இருபது ரூபாய் கொடுத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்பேன். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு நான்காம் வகுப்புச் சிறுவன் தமிழில் ‘பட்டம்’ என்ற சொல்லைக்கூடப் படிக்க முடியாதவன். இந்தியில் கதை சொல்லும்போது கதாபாத்திரத்துக்கு ஏற்பக் குரல் மாற்றினான். மீதிச் சில்லறையைக் கேள்வி முடியும் முன்பே சொன்னான். ‘எண்ணும் எழுத்தும்’ அரும்பு நிலை அட்டைகளோடு தொடங்கியதில் ஐந்தாம் மாதம் சிறு சொற்களைப் படித்தான். வேகம் குறைவுதான், ஆனால் மாதா மாதம் நகர்ந்தான். அவனுக்குத் தேவை தமிழ் கற்பிப்பது, வேறொன்றும் இல்லை.

அதே ஆண்டு, ஒடிசாக் குடும்பம் ஒன்றின் சிறுமி. அவளுக்கும் தமிழ் வரவில்லை. அவளைவிட ஒரு வயது இளைய தம்பி, அதே வீடு, அதே தெரு. நான்கே மாதத்தில் தெருப் பிள்ளைகளிடம் தமிழில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டான். அம்மாவிடம் கேட்டபோது, “இவள் நாலு வயசு வரைக்கும் எங்கள் பாஷையிலும் பேசவில்லை, மேடம்” என்றார். கேட்ட சொல்லையே திரும்பச் சொல்வாள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டாள், ஆனால் மிட்டாய்க் காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டால் திரும்புவாள். எனவே காதில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தும் காதுப் பரிசோதனை செய்தோம், அது கட்டாயம். பிறகு சிறப்புப் பயிற்றுநர் வழியாக அனுப்பி, ஆட்டிசம் என்று உறுதியானது.

உடன்பிறந்தவரோடு ஒப்பிடுவது மருத்துவச் சோதனை அல்ல. ஆனால் தாய்மொழியிலும் பேச்சு தாமதமானது என்ற ஒரு தகவல், ‘பாஷை தெரியாது’ என்ற விளக்கத்தைத் தள்ளிவிடுகிறது. இன்னொன்று: இத்தகைய பெற்றோரிடம், “வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கள்” என்று சொல்லும் வழக்கத்தை நாம் விட வேண்டும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமோ பேச்சுக் குறைபாடோ வருவதில்லை. அரைகுறைத் தமிழில் பேசும் அம்மாவைவிட, சொந்த மொழியில் தாராளமாகப் பேசும் அம்மாவே அந்தக் குழந்தைக்கு நல்ல பயிற்சியாளர்.

இந்தி பேசும் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம் உருவாக்கி 2015-இல் வெளியான ‘டாலி’ என்ற வாசிப்புக் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் உள்ளது. சொந்த ஊரில் இரண்டு ஆண்டு இந்தியில் படித்துவிட்டு வந்த பிள்ளையை இந்தியில் சோதிப்பதே நியாயம்.

உள்ளூர்ப் பிள்ளைகளிடம் வேறு வகைக் குழப்பம். ல, ள, ழ மயக்கம், ர, ற மயக்கம், ன, ண மயக்கம் ஆகியவற்றைக் கற்றல் குறைபாட்டின் அடையாளமாக எழுதிவிடுகிறோம். பேச்சில் வேறுபடுத்தாத ஒலியை எழுத்தில் மாற்றி எழுதுவது இயல்பு. நம் வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தாலே தெரியும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவதும் ஏழு வயது வரை பல பிள்ளைகளிடம் உண்டு. கவனிக்க வேண்டியவை வேறு. ‘கடல்’ என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று வாயால் கேட்டாலும் சொல்ல முடியாமை. நேற்றுப் படித்த அதே சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பது. கொம்பும் காலும் எந்த எழுத்தோடு சேரும் என்பதில் விடாத குழப்பம். வாய்மொழியாக நன்றாகப் பதில் சொல்லிவிட்டு எழுதும்போது இரண்டு வரியில் நின்றுவிடுவது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியரே முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும். சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு. பயிற்சியை எட்டு வயதுக்கு முன்பே தொடங்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

ஏ.டி.எச்.டி. பற்றிச் சொல்லும்போது நம் பகுதியின் ஷிப்ட் நேரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே அறை கொண்ட வரிசை வீடு. அப்பா இரண்டாம் ஷிப்ட் முடிந்து வர நள்ளிரவு நெருங்குகிறது. அவர் வந்து, சாப்பிட்டு, டி.வி.யை அணைத்தபிறகே பிள்ளை தூங்குகிறது. காலை ஆறரைக்கு எழுப்பிவிடுகிறார்கள். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து உட்காருவார். சிறு பிள்ளையோ பல நேரம் அதற்கு மாறாக ஓடும், தள்ளும், ஒரு வேலையையும் முடிக்காது. ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி போன்ற குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். ஆகவே முதல் கேள்வி: “ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான்?” அப்பாவுக்கு முதல் ஷிப்ட் வரும் வாரத்தில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று குறித்துவைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மறுபக்கம், ஓடாமல் ஆடாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைக்கும் கவனக்குறைவு வகை ஏ.டி.எச்.டி. இருக்கலாம், அவளைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் உணராமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கக்கூடும். அதற்கு மருந்து உண்டு. நன்றாகவே வேலை செய்யும்.

சந்தேகம் வந்தால் செல்லும் வழி நம் துறையிலேயே இருக்கிறது. ‘நலம் நாடி’ செயலியில் பதிவு, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர், 2013 முதல் இயங்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, அங்கிருந்து மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம். பல குறைபாடுகள் சேர்ந்திருந்தால் முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனமும், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் உண்டு. வழி தெரிவது ஒன்று, போய்ச் சேர்வது இன்னொன்று. ஒப்பந்தத் தொழிலாளியான அப்பாவுக்கு ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் கூலி இழப்பு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் பயணப்படி, துணையாள் படி உண்டு என்பதைப் பெற்றோரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அவருடைய ஷிப்ட் அட்டவணையைக் கேட்டுப் பார்த்தபிறகு தேதி குறித்தால் வருகிறார்கள்.

சிகிச்சை என்றதும் மாத்திரையை நினைக்கிறார்கள். கற்றல் குறைபாட்டுக்கு மாத்திரை கிடையாது. ஒலி, எழுத்து இரண்டையும் பார்த்து, சொல்லி, மணலில் தொட்டு எழுதி, படிப்படியாகச் சேர்க்கும் பயிற்சிதான் சிகிச்சை. பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் துணை. ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் மருந்தும் இல்லை. பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, நடத்தைப் பயிற்சி, பெற்றோருக்கான பயிற்சி ஆகியவை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ அவ்வளவு நல்லது. ஸ்டெம் செல் ஊசியால் ஆட்டிசம் குணமாகும் என்ற விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைக்க நினைக்கும் பெற்றோர் உண்டு. அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே கூறிவிட்டது. ஏ.டி.எச்.டி.க்கு மட்டும், நடத்தைப் பயிற்சியோடு, மருத்துவர் தேவை என்று கருதினால் மீத்தைல்பெனிடேட் போன்ற மருந்து உண்டு. மருந்து தொடங்கிய பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறது, மதியம் சாப்பிடுகிறதா என்று நாம் எழுதி அனுப்பினால் மருத்துவர் அளவைச் சரிசெய்ய உதவும்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு சொல். மேலே சொன்னவை சிறு வயதிலிருந்தே இருப்பவை. நன்றாக இருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி இரண்டு மூன்று வாரமாகத் தூக்கம், உணவு, தோழிகள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினால் அது வேறு, மனச்சோர்வாக இருக்கலாம். அங்கே ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. சாவதைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும், பிள்ளையைத் தனியே விடாமல், அன்றே பெற்றோரையும் மருத்துவரையும் அழைக்க வேண்டும். டெலி மானஸ் 14416, மாணவர் உதவி எண் 14417 இரண்டும் வகுப்புச் சுவரில் இருக்கட்டும்.

கடைசியாக, நாம் எழுதும் குறிப்பு. ‘மந்தம்’, ‘அடங்காதவன்’ என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. ‘பத்து நிமிடப் பணியில் ஆறு முறை எழுந்தான், கதை நேரத்தில் எழவில்லை’, ‘ஜூலையில் 4 எழுத்து, அக்டோபரில் 5 எழுத்து, தினமும் 20 நிமிடம் தனிப்பயிற்சி தந்தும் இவ்வளவே’ என்று எழுதினால் புரியும். கண், காது பார்த்த தேதி, வீட்டுமொழி, இதற்கு முன் படித்த பள்ளிகள், எந்த மொழியில் எத்தனை மாதம் என்பதும் அதில் இருக்கட்டும். நம் பகுதியில் குடும்பங்கள் தீபாவளிக்கு, சட் பூஜைக்கு ஊருக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிடுவது உண்டு. ஒப்பந்தம் முடிந்து ஓசூருக்கோ புனேவுக்கோ போய்விடுவதும் உண்டு. அந்த ஒடிசாச் சிறுமியின் குடும்பம் ஜனவரியில் கிளம்பியது. மாற்றுச்சான்றிதழோடு மதிப்பீட்டு அறிக்கையின் நகலையும், என் எட்டுப் பக்கக் குறிப்பையும், நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையின் எண்ணையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றையும் அம்மாவின் கைப்பேசியில் படமும் எடுத்துவைத்தோம். ஆறு மாத முன்னேற்றத்தை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தனித்தாளில் இந்தியில் எழுதிக் கொடுத்தாள், அங்குள்ள ஆசிரியர் படிப்பதற்காக.