செல் செத்தால் மருந்தாகிவிடுமா?

ஆடி பிறக்கச் சில நாள்தான் இருக்கிறது. கண்வலிக் கிழங்கு ஊன்றும் வேலை தொடங்கிவிடும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், வேப்பந்தட்டைப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி: "இதுல கேன்சருக்கு மருந்து இருக்காமே, இந்த வருஷம் ஒரு ஏக்கர் கூடப் போடலாமா?"

'புற்றுநோய் எதிர்ப்புச் செயல்பாடு உறுதியானது' என்று ஒரு செய்தியறிக்கை சொன்னால், பெரும்பாலும் நடந்தது இவ்வளவுதான்: உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் 96 குழி. அவற்றில் புற்றுச் செல்களை வளர்த்து, செடியின் சாற்றை விட்டு, ஓரிரு நாள் கழித்து மஞ்சள் சாயம் சேர்க்கிறார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா வெளிறினால் செல் செத்ததாகக் கணக்கு.

இந்தக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. சில சாறுகள் செல்லே இல்லாத குழியிலும் சாயத்தை ஊதாவாக்கிவிடும். செல் செத்தது உண்மையாகவே இருந்தாலும், பிளீச்சிங் பவுடர் கரைசலும் அதைக் கொல்லும். பக்கத்துக் குழியில் நல்ல செல் பிழைத்ததா என்பதே கேள்வி.

கண்வலி விதையின் கால்ச்சிசின் அந்தத் தட்டில் அபாரமாகத் தேறும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் இழைகள் ட்யூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. கால்ச்சிசின் அதில் ஒட்டிக்கொண்டால் இழை சேராது. செல் பாதி வழியில் நின்று சாகும். ஆனால் நம் குடல் சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஓயாமல் பிரிவதும் செல்தான். அதையும் நிறுத்திவிடும். யூரிக் அமில மூட்டுவலிக்கான மாத்திரையில் இருக்கும் கால்ச்சிசின் அரை மில்லிகிராம். ஏழு மில்லிகிராமில் உயிர் போனதும் உண்டு.

நித்தியகல்யாணிச் சரக்கும் அதே ட்யூபுலினைத்தான் பிடிக்கிறது, வேறோர் இடத்தில். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதில் தேடியது சர்க்கரை நோய்க்கு மருந்து. எலிக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் இறங்கின. 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. அதன் உறவான வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு ஏறுகிறது. துப்பு கிடைத்தது தட்டிலல்ல, உயிருள்ள உடம்பில். அமெரிக்க அரசு 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 செடி மாதிரிகளைச் சோதித்ததில் பெயர் சொல்லும்படி தேறியவை டாக்சால், கேம்ப்டோதெசின் என்ற இரண்டே.

கூடுதலாக ஊன்றலாமா? விதையை வாங்க ஆள் உறுதியாக இருந்தால் மட்டும். விடியலில் பந்தலுக்குள் குனிந்து, மடங்கி நிற்கும் சூல்முடியில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டுவைக்கும் பெண்களின் கூலியை வதந்தி தராது.

கிழங்கைப் பொடித்துக் குடிக்கலாமா? கூடவே கூடாது.

நித்தியகல்யாணி இலைக் கஷாயம்? அதுவும் வேண்டாம்.

கிழங்கை எங்கே வைப்பது? சமையலறைக்கு வெளியே, சர்க்கரைவள்ளியோடு கலக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.