உங்களுக்குத் தெரியுமா? மேடை ஏறாத சூடாமணி

ஆர். சூடாமணி (1931–2010) அரை நூற்றாண்டு எழுதியவர். ‘சூடாமணி ராகவன்’ என்ற பெயரில் ஆங்கிலத்திலும் கதைகள் எழுதினார், ஓவியமும் தீட்டினார். இலக்கிய மேடைகளில் மட்டும் அவரைப் பார்க்க முடியாது. சென்னை வீடே உலகம். பல கோடி ரூபாய் சொத்தை அறப்பணிகளுக்கு உயில் எழுதி வைத்திருந்தது அவர் காலமான பிறகே பரவலாகத் தெரிந்தது. கதைகளைப் படிக்காதவர்களும் அந்தச் செய்தியால் பெயரை அறிந்தார்கள் என்பது சற்றே வேடிக்கைதான். தேர்ந்தெடுத்த கதைகள் ‘தனிமைத் தளிர்’ என்ற தொகுப்பாகப் பின்னர் வந்தன.

ஒதுங்கி வாழ்ந்தவரின் அந்தரங்கத்துக்கு இறந்தபின் சட்டக் காவல் குறைவு. அந்தரங்க உரிமை ஒருவரின் மறைவோடு முடிகிறது என்று ஜெயலலிதா வாழ்க்கைப் பட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. ஆனால் எழுத்துக்குக் காவல் உண்டு: அச்சேறாத கையெழுத்துப் பிரதி, எழுதியவர் மறைவுக்குப் பிறகு முதன்முதலாக வெளியானால், அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு.