ரிவால்வர் வாங்கும் எண்ணம் இருக்கிறதா?

கும்மிடிப்பூண்டி அருகே தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலமாகக் கிடந்த இடத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, டயர் தொழிற்சாலை வந்தது. கூடவே லாரி வாடகை, ஸ்கிராப் எடுப்பு, ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட் என்று பல தொழில்கள் முளைத்தன. பணம் புழங்கும் இடத்தில் மாமூல் கேட்டு மிரட்டுபவர்களும் வந்து சேர்வார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழில் செய்பவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கூலிப் பணத்தோடு இரவில் பைக்கில் திரும்பும் ஒருவருக்கு, இடுப்பில் ஒரு ரிவால்வர் இருந்தால் தேவலை என்று தோன்றுவதில் வியப்பில்லை. அப்படித் தோன்றியவர் செல்போனில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்க்கிறார். இரண்டு அங்குல பேரலா, நான்கு அங்குலமா, ஆறு அங்குலமா என்ற கேள்வி அங்கிருந்துதான் அவருக்குத் தொற்றுகிறது.

பேரலின் நீளம் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மருந்து எரிந்து கிளம்பும் வாயு, தோட்டா குழலுக்குள் இருக்கும்வரை அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. குழல் குட்டையானால் அந்தத் தள்ளல் சீக்கிரமே முடிந்து வேகம் குறையும்; வாய்ப்பக்கத்துத் தீப்பிழம்பும் சத்தமும் கூடும். குறி பார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையிலுள்ள தூரமும் சுருங்குவதால், கை இம்மி அசைந்தாலும் குறி பெரிதாக விலகும். எடை குறைந்த துப்பாக்கி கையை அதிகமாக உதறும். ஆக, குட்டைக் குழல் ஒளித்து வைக்க எளிது, சரியாகச் சுடக் கடினம். நீளக் குழலில் குறி நன்றாக அமையும். ஆனால் அது கனக்கும், உட்கார்ந்தால் இடிக்கும், சட்டைக்குள் அடங்காது. பயிற்சி இல்லாத ஒருவர் பயத்தில் நடுங்கும் கையோடு குட்டை ரிவால்வரை நீட்டினால், தோட்டா பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர்மேல் பாயவும் கூடும்.

நம் நாட்டில் தேர்ந்தெடுக்க அவ்வளவு வகைகளும் இல்லை. ராணுவமும் போலீசும் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் போன்றவை பொதுமக்களுக்குத் தடை. பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர்தான் கிடைக்கும். கான்பூரில் தயாராகும் ‘நிர்பீக்’ 2014-இல் வந்தது. எடை சுமார் 500 கிராம், விலை அப்போதே ஒரு லட்சத்துக்கு மேல். 2023 ஆகஸ்டில் வந்த ‘பிரபல்’ சுமார் 700 கிராம் எடையும் 76 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலக் குழலும் கொண்டது. 50 மீட்டர் வரை சுடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்த விளம்பரத்தை நம்பி வாங்குபவர் ஒன்றை யோசிக்க வேண்டும். தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. 50 மீட்டர் தள்ளி நின்றவரைச் சுட்டுவிட்டு, ‘உயிருக்குப் பயந்து சுட்டேன்’ என்று நீதிமன்றத்தை நம்பவைப்பது மிகக் கடினம்.

குழலின் நீளத்தைச் சட்டமும் அளக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 13-ஆம் பிரிவைப் பாருங்கள். 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், மறுப்பதற்குத் தனிக் காரணம் இல்லாதவரை லைசென்ஸ் தர வேண்டும் என்கிறது அது. ரிவால்வர் அந்தச் சலுகைக்குள் வராது. தகுந்த காரணம் இருப்பதை அதிகாரி ஏற்க வேண்டும். குழல் குட்டையாகக் குட்டையாகச் சட்டத்தின் சந்தேகம் வளர்கிறது, ஏனென்றால் ஒளித்து வைக்க முடிந்ததைத்தான் குற்றவாளியும் தேடுவான். 6-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. அதற்கென்று உரிமம் இல்லாமல் ஒரு துப்பாக்கியின் குழலை வெட்டிக் குறைப்பதும், பொம்மைத் துப்பாக்கியைச் சுடும்படி மாற்றுவதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தது ஏழு ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். சுற்றிலும் லேத் பட்டறைகள் உள்ள தொழிற்பேட்டையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கொஞ்சம் அறுத்துக் கொடு தம்பி’ என்று தெரிந்தவர் கேட்டார் என்பதற்காக ஒரு பட்டறைத் தொழிலாளி தன் வாழ்க்கையை இழக்கக் கூடாது.

கள்ளத் துப்பாக்கி பக்கம் போகவே போகாதீர்கள். விலை குறைவு என்று யாராவது கொண்டுவந்தால், அது ஏற்கெனவே எந்தக் குற்றத்தில் பயன்பட்டதோ என்பது தெரியாது, சுடும்போது குழல் வெடித்துக் கையே போகலாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளின் பெருக்கத்தை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தானாகவே கையில் எடுத்தது. அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை அல்ல என்று அப்போது சுட்டிக்காட்டியது.

முறையாகக் கேட்பவர் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும்; திருவள்ளூர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும், பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு. கும்மிடிப்பூண்டி வட்டத்தின் கிழக்கே, பழவேற்காடு பறவைகள் சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது: வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் இல்லாமல் அங்கே புது லைசென்ஸ் தர முடியாது. லைசென்ஸ் கிடைத்தாலும் பொது இடத்தில் உறையை விட்டு எடுத்துக் காட்டக் கூடாது. கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுட்டு யாருக்காவது ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வயலில் பன்றி இறங்குகிறது என்று சுடுவதற்கும் அந்த லைசென்ஸ் அனுமதி அல்ல.

தாத்தா விட்டுப்போன துப்பாக்கி பரணில் கிடக்கிறதா? லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் தாமதிக்காமல் அதைப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசுப் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மிரட்டலுக்கு ஆளானவர் என்னதான் செய்வது? பலர் புகார் கொடுக்கவே பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மிரட்டியதற்கு எழுத்துப் பதிவு இல்லாவிட்டால், நாளைக்கு லைசென்ஸ் கேட்கும்போது உயிருக்கு ஆபத்து என்பதற்குக் காட்ட எதுவும் இருக்காது. பணம் கேட்டு மிரட்டுவது நியாய சன்ஹிதா 308-ஆம் பிரிவில் குற்றம். அவசரம் என்றால் 112-ஐ அழையுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து, அது பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்; அழைப்புப் பதிவுகள், செல்போன் செய்திகள், கேமரா காட்சிகளை அழிக்காதீர்கள். நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டை அணுக, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173, 175 பிரிவுகள் வழி தருகின்றன. திரும்பத் திரும்பத் தொல்லை கொடுப்பவர் அமைதி காப்பதாக நிர்வாக நடுவர் முன் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வைக்கவும் அதே சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. நாலைந்து காண்ட்ராக்டர்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் தனி ஆள் என்ற பயமும் குறையும். கூலியை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் இரவில் பணப்பையோடு ரோட்டில் வர வேண்டிய தேவையே இருக்காது.