காருக்குள் இன்ஜின் சூடு, ரோடு சத்தம்... ஷீட் ஒட்டினால் போதுமா? செலவு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை!

நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லையா? ஏசி ஃபுல்லா ஓடினாலும் டிரைவர் கால் பக்கம் மட்டும் அனல் அடிக்குதா? கடையில் கேட்டால், "ஒரு ஷீட் ஒட்டிட்டா சரியாகிடும் சார்" என்பார்கள். ஆனால் எந்த ஷீட், எங்கே, எதற்கு என்று தெரியாமல் ஒட்டினால் பணம் வீண். சில நேரம் அது ஆபத்தாகவும் முடியலாம்.

சூடும் சத்தமும் எப்படி உள்ளே வருகின்றன?

இன்ஜினுக்கும் நாம் உட்காரும் பகுதிக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரை ஃபயர்வால் என்பார்கள். இன்ஜின் சூடு முக்கியமாக இதன் வழியாகத்தான் ஏறும். அடுத்தது, தரைக்குக் கீழே போகும் சைலன்சர் பைப். ஆம்னி, ஈகோ போன்ற வேன்களில் இன்ஜினே முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சூடு இன்னும் நேரடியாகத் தெரியும்.

சத்தம் இரண்டு விதம். டயர் ரோட்டில் உருளும்போது தகடுகள் அதிர்ந்து எழும் இரைச்சல் ஒன்று. கதவு இடுக்கு, ஓட்டைகள் வழியாகக் காற்றோடு வருவது இன்னொன்று.

முதல்ல ஓட்டையைத் தேடுங்க!

வயர்கள், ஏசி பைப், ஸ்டியரிங் ராடு எல்லாம் ஃபயர்வாலில் உள்ள துளைகள் வழியாகத்தான் வருகின்றன. அவற்றை அடைத்திருக்கும் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கலாம். மியூசிக் சிஸ்டம் மாட்டும்போது புதுசா துளை போட்டு அப்படியே விட்டிருக்கலாம். அந்த வழியாகச் சூடும் சத்தமும் மட்டும் வராது. புகைக்குழாயில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடும் வரலாம். நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு உயிரையே பறிக்கும். காரில் போகும்போது மட்டும் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள். மெக்கானிக் பார்க்கும் வரை அதை ஓட்ட வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்:

• இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, இருட்டில் பானெட்டைத் திறந்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது.

• கதவு இடுக்கில் ஒரு பேப்பரை வைத்து மூடுங்கள். இழுத்ததும் சுலபமா வந்துவிட்டால் பீடிங் ரப்பர் தேய்ந்துவிட்டது.

• சைலன்சருக்கு மேல் இருக்கும் ஹீட் ஷீல்டு தகடு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆடி சத்தம் போடுகிறது என்று கழற்றிப் போட்டிருந்தால், தரை சுடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

• வேகம் கூடக் கூட 'ஊ' என்ற சத்தமும் கூடினால், அது தேய்ந்த டயராகவோ வீல் பேரிங்காகவோ இருக்கலாம். இதை ஷீட் ஒட்டி மறைப்பது எச்சரிக்கை மணியை அணைப்பது மாதிரி.

எந்த ஷீட் எதற்கு?

பியூட்டைல் ஷீட்: ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் ஒட்டும் ரப்பர். இதன் வேலை தகட்டின் அதிர்வைக் குறைப்பது. அகலமான தகட்டில் கால் பங்கு இடத்தில் ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். சூட்டைத் தடுக்க இதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஃபோம் ஷீட்: சூடு கடத்துவதைக் குறைக்கும். தண்ணீர் உறிஞ்சாத 'குளோஸ்டு செல்' வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துவைத்து, நாற்றமும் துருவும் வரவைக்கும்.

கனமான வினைல் ஷீட்: காற்றில் வரும் சத்தத்தைத் தடுக்கும். பரவலாகப் பயன்படும் வகை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடை வரும். இடைவெளி விட்டால் பலன் வெகுவாகக் குறையும்.

செய்யக்கூடாதவை

கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள். ஏர்பேக் வயர், சென்சார் மீது எதையும் ஒட்டாதீர்கள். விலை குறைவான தார் ஷீட் வெயிலில் இளகி வாடை அடிக்கும். சைலன்சர் பக்கம் ஃபோமோ துணியோ கூடவே கூடாது, தீப்பிடிக்கும். அங்கே அதற்கென்றே தயாரித்த ஹீட் ஷீல்டு மட்டும்தான்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

நம் காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி தெரிய, சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். ஷீட்டால் மட்டும் அந்த அளவு குறைவது கடினம். அதனால் ஓட்டை, பீடிங், டயர், ஹீட் ஷீல்டு எல்லாவற்றையும் முதலில் சரி செய்யுங்கள். அதற்குப் பிறகும் குறை இருந்தால், நான்கு கதவுகளில் மட்டும் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். தரை, கூரை எல்லாம் அப்புறம் யோசிக்கலாம்.